கொய்னாவின் பேத்தி: எச்.சி.க்யூ. மாத்திரையோடு காலம் தள்ள ஒரு முழுமையான வழிகாட்டி

2007-ல் மலேசியாவின் சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரியில் கொடுத்த எச்.சி.க்யூ. மாத்திரையை வீட்டுக்குக் கொண்டு வந்து வாயில் போட்டேன். தண்ணீரை எடுக்கக் கொஞ்சம் தாமதமானதில் மேல்பூச்சு நாக்கிலேயே கரைந்து, அப்படி ஒரு கசப்பு. என் மூஞ்சியைப் பார்த்த பாட்டி அட்டையை வாங்கினார். ஒன்றைப் பிதுக்கி எடுத்து, நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்தார்.

"ஏண்டி, இது கொய்னால்ல? ஒனக்கு என்னா முறைக்காச்சலா?"

பாட்டிக்கு அப்போது எண்பதைத் தாண்டியிருந்தது. பகாவ் பக்கத்து ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்து, அதே தோட்டத்தில் பால்வெட்டி ஓய்ந்தவர். கையெழுத்துப் போடத் தெரியாது. கொய்னா என்றால் அந்தக் காலத்து மலேரியா மருந்தான குவினைன், முறைக்காச்சல் என்றால் மலேரியா. அந்த நாக்கு சொன்னதில் பாதி சரி. மீதிப் பாதி எனக்கே புரியப் பல வருடம் ஆனது.

எனக்கு இருப்பது லூப்பஸ். உடம்பைக் காக்க வேண்டிய காவல்படையே உடம்பைத் தாக்கும் நோய். மூட்டு, தோல், சிறுநீரகம், ரத்தம் என்று எங்கே வேண்டுமானாலும் கை வைக்கும். பத்து பேருக்கு வந்தால் அதில் ஒன்பது பேர் பெண்கள், அதிலும் பிள்ளை பெறும் வயதில் இருப்பவர்கள். இதற்கும் முடக்குவாதத்துக்கும் கொடுக்கிற ஹைட்ராக்ஸிகுளோரோகுவின் என்ற மருந்தைத்தான் நாங்கள் சுருக்கமாக எச்.சி.க்யூ. என்போம். பிளாக்வெனில் என்ற பெயரிலும் சிலருக்குத் தெரியும்.

சிரம்பானில் என்னோடு பெஞ்சில் உட்கார்ந்து காத்திருக்கும் ஆட்களைப் பதினெட்டு வருடமாகப் பார்க்கிறேன். இந்த மாத்திரையில் அவர்கள் செய்யும் பெரிய தவறு மூன்று வகை. ஒன்று, கண் போய்விடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டுக் குப்பையில் போடுவது. இரண்டு, உடம்பு தேறியதும் இனி எதற்கு என்று விட்டுவிடுவது. மூன்று, பதினைந்து வருடம் ஒழுங்காகச் சாப்பிட்டும் ஒரு தடவைகூடக் கண்ணைக் காட்டாமல் இருப்பது. இந்த மூன்றையும் தவிர்ப்பதுதான் முதல் வேலை.

பாட்டி சொன்ன பாதி

படிகளுக்குப் போகுமுன் இந்தக் கதை. அவசரக்காரர்கள் தாண்டிப் போகலாம். ஆனால் வீட்டில் "மலேரியா மருந்தை எதுக்குடா என் பிள்ளைக்குக் குடுக்குறாங்க" என்று கேட்கும் ஆள் இருந்தால், பதில் இங்கேதான் இருக்கிறது.

கொய்னா என்பது சின்கோனா மரப்பட்டையிலிருந்து வந்தது. 1820-ல் பிரான்சில் பெல்லத்தியே, கவாந்து என்ற இருவர் பட்டையிலிருந்து குவினைனைப் பிரித்தெடுத்தார்கள். 1860-களில் நீலகிரியில் நடுவட்டம் பக்கம் அரசாங்கமே சின்கோனாத் தோட்டம் போட்டது. இங்கே பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் சேர்ந்த நீரிணைக் குடியேற்றங்களின் சிறைகளில் இடம் போதாமல் மதராஸ் மாகாணத்துக்குக் கப்பலேற்றி அனுப்பிய சீனக் கைதிகளை அந்த வேலையில் இறக்கியிருக்கிறார்கள். நம் ஆட்கள் அங்கிருந்து ரப்பர் நட இங்கே வந்தார்கள். இங்கிருந்து சீனர்கள் கொய்னா நட அங்கே போனார்கள். எனக்கு இதைப் படித்த அன்று தூக்கம் வரவில்லை.

ரப்பர் வந்தபோது காய்ச்சலும் சேர்ந்தே வந்தது. 1901-ல் கிள்ளானுக்கு வந்த மால்கம் வாட்சன் என்ற டாக்டர்தான் காரணத்தைக் கண்டுபிடித்தார். மேட்டு நிலத்துக் காட்டை வெட்டியதும் ஓடைகளில் வெயில் விழுகிறது. வெயில் படும் தெளிந்த நீரில்தான் மலேரியா பரப்பும் கொசு முட்டையிடுகிறது. காடு வெட்டினால் காய்ச்சல் போகும் என்று நினைத்தவர்களுக்கு, வெட்ட வெட்டக் கூடியது. அதனால்தான் தோட்டங்களில் நிலத்தடிக் குழாய் பதிப்பதும், கால்வாயில் எண்ணெய் தெளிப்பதும், தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரெஸ்ஸர் வரிசையில் நிற்க வைத்துக் கொய்னா ஊற்றுவதும் நடந்தது. முழுங்கினோமா என்று வாயைத் திறந்து காட்ட வேண்டும் என்பார் பாட்டி. காது இரண்டு நாள் "ஙொய்" என்று இரையுமாம். குவினைன் அதிகமானால் காது இரைவது உண்மைதான்.

ஜப்பான்காரன் காலத்தில் 1943 இறுதியிலிருந்து சிங்கப்பூர் கத்தோலிக்கர்களைக் கொண்டு வந்து குடியேற்றியது இதே பகாவில்தான். எத்தனையோ பேர் இந்த மண்ணிலேயே மலேரியாவில் போனார்கள். ஜப்பான்காரன் போட்ட சயாம்-பர்மா ரயில் பாதை வேலைக்குப் போன எங்கள் தாத்தாவின் அண்ணனும் காய்ச்சலில் போனதாகத்தான் வீட்டில் சொல்வார்கள்.

அதே போர்தான் இந்த மாத்திரைக்கும் வழி திறந்தது. உலகத்துக் குவினைனில் பெரும்பகுதி ஜாவாவிலிருந்து வந்துகொண்டிருந்தது. 1942-ல் ஜப்பான் ஜாவாவைப் பிடித்ததும் வரத்து அறுந்தது. எதிரணி ராணுவங்கள் லட்சக்கணக்கான சிப்பாய்களுக்கு மெப்பாக்ரின் என்ற மஞ்சள் மாத்திரையைக் கொடுத்தன. தோல் மஞ்சளடித்தாலும், மூட்டுவலியும் தோல் தடிப்பும் இருந்த சிலருக்கு அவை குறைந்தன. குவினைனை லூப்பஸ் தோலுக்குக் கொடுத்துப் பார்த்ததை 1894-லேயே லண்டனில் பெய்ன் என்ற டாக்டர் சொல்லியிருந்தார். 1951-ல் பேஜ் என்ற இன்னொரு டாக்டர் 18 லூப்பஸ் நோயாளிகளுக்கு மெப்பாக்ரின் கொடுத்த அனுபவத்தை லான்செட் இதழில் எழுதினார். அதன் பிறகு இந்தக் குடும்பத்து மருந்துகள்மேல் மூட்டுவாத டாக்டர்களின் பார்வை விழுந்தது.

ஜெர்மனியில் 1934-லேயே குளோரோகுவின் தயாராகியிருந்தது. 1946-ல் அதில் ஓர் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த சின்ன வாலை ஒட்டினார்கள். அதுதான் ஹைட்ராக்ஸிகுளோரோகுவின். வால் ஒட்டியதில் நஞ்சு குறைந்தது. 1955-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஆக, மரப்பட்டையிலிருந்து வந்ததல்ல, தொழிற்சாலையில் செய்தது. ஆனாலும் குவினைன் வம்சம். பாட்டி அல்ல, பேத்தி.

உடம்புக்குள் போய் என்ன செய்கிறது

பால்வெட்டியவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். ரப்பர் பாலில் ஆசிட் ஊற்றினால் உறைந்து கட்டியாகிறது. அமோனியா ஊற்றினால் உறையாமல் பாலாகவே நிற்கிறது. நம் செல்களுக்குள்ளும் ஆசிட் நிறைந்த சின்னப் பைகள் உண்டு. வேண்டாததை அரைத்துத் தள்ளும் பைகள். செத்த செல்லின் துண்டுகள் அங்கே போய் அரைபட்டு, "எதிரி வந்துவிட்டான்" என்ற தப்பான சமிக்ஞை கிளம்பினால் லூப்பஸ்காரரின் காவல்படை எழுந்துவிடும்.

எச்.சி.க்யூ. அமோனியா மாதிரி காரத்தன்மை கொண்டது. அந்தப் பைகளுக்குள் போய்த் தங்கி, ஆசிட்டைக் கொஞ்சம் மட்டுப்படுத்துகிறது. அரைபடுவது குறைய, சமிக்ஞையும் குறைகிறது. காவல்படையை அடித்துப் போடுவதில்லை, அதன் காதில் விழும் சத்தத்தைத்தான் குறைக்கிறது. அதனால்தான் மற்ற மருந்துகளைப் போல இது தொற்றுநோய்க்குப் பெரிதாகக் கதவு திறந்து விடுவதில்லை.

இன்னொன்று. இது உடம்பைவிட்டுப் போக ரொம்ப நாள் எடுக்கும். ரத்தத்தில் பாதியாகக் குறையவே சுமார் 40 நாள். இந்த ஓர் எண்ணை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே இரண்டு இடத்தில் வேலைக்கு வரும்.

முதல் படி: உங்கள் வலி இந்த மாத்திரைக்குரிய வலிதானா

எல்லா மூட்டுவலிக்கும் இது மருந்தல்ல. வயதில் வரும் முழங்கால் தேய்மானத்துக்கும், பெருவிரல் சிவந்து வீங்கும் கவுட்டுக்கும் இதைக் கேட்டுப் பயனில்லை. லூப்பஸ், முடக்குவாதம், கண்ணும் வாயும் வறண்டு போகும் ஷோக்ரென் நோய் போன்றவற்றுக்குத்தான். முடக்குவாதத்துக்குப் பெரும்பாலும் தனியாக வராது, மெத்தோட்ரெக்ஸேட் போன்ற மருந்துகளோடு சேர்த்துத்தான் தருவார்கள்.

காலையில் எழுந்ததும் விரல்கள் ஒரு மணி நேரத்துக்கு மேல் விறைத்திருந்தால், கன்னத்தில் வண்ணத்துப்பூச்சி மாதிரித் தடிப்பு வந்தால், வெயிலில் போனால் தோல் எரிந்தால், வாய்ப்புண் ஆறாமல் இருந்தால், முடி கொத்துக் கொத்தாகக் கொட்டினால் தள்ளிப் போடாதீர்கள். நான் தள்ளிப் போட்டேன் என்று சொல்ல முடியாது. பட்டணத்து ஒரு கிளினிக்கில் பதினாலு மாதம் வலி ஊசி போட்டுப் போட்டு அனுப்பினார்கள், ரத்தத்தை எடுத்துப் பார்க்கத் தோன்றவில்லை. இன்றும் எனக்கு அந்தக் கோபம் தீரவில்லை.

வழி இதுதான். அரசாங்கச் சுகாதார நிலையமான கிளினிக் கெசிஹாத்தானில் காட்டி, ரெஃபரல் கடிதம் கேளுங்கள். அங்கிருந்து ஜெம்போல் ஆஸ்பத்திரி, அங்கிருந்து மூட்டுவாதப் பிரிவு இருக்கும் சிரம்பான் துவாங்கு ஜாஃபார் ஆஸ்பத்திரி. குடிமக்களுக்கு நிபுணர் கிளினிக்கில் 5 வெள்ளி (ரிங்கிட்)தான். தேதி கிடைக்க நாளாகும். அதற்குள் தடிப்பு மறைந்துவிடும், டாக்டர் முன்னால் போய் உட்காரும்போது முகம் பளிச்சென்று இருக்கும். அதனால் தடிப்பு, வீக்கம் எது வந்தாலும் உடனே கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். என் நோயைக் கண்டுபிடித்ததில் பாதிப் பங்கு அந்தப் படங்களுக்கு.

இரண்டாம் படி: முதல் மாத்திரைக்கு முன்

நான்கு விஷயம் டாக்டரிடம் போய்ச் சேர வேண்டும். உங்கள் எடை, அன்றைக்கு நிறுத்தது, போன வருடத்து எடை அல்ல. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்ற ரத்தப் பரிசோதனை, ஏனென்றால் இந்த மருந்தில் ஒரு பங்கு சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறுகிறது. மூன்றாவது, இதயத் துடிப்பில் கோளாறு உண்டா, அதற்கு மாத்திரை சாப்பிடுகிறீர்களா. நான்காவது, வேறு என்னென்ன மருந்து.

இந்த நான்காவதில் நம் ஆட்கள் கவனிக்க வேண்டியது இனிப்புநீர், அதாவது சர்க்கரை நோய். இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்களுக்கு எச்.சி.க்யூ. சர்க்கரையை இன்னும் இறக்கிவிடலாம். வியர்த்து, கை நடுங்கினால் லூப்பஸ் என்று நினைத்துப் படுத்துக்கொள்ளாமல் சர்க்கரையைச் சோதியுங்கள். பிறந்தபோது ஜி6பி.டி. என்ற நொதியின் குறைபாடு இருப்பதாகச் சொல்லியிருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள்.

கண் பரிசோதனையும் இதில் சேர்த்திதான். அதற்குத் தனி இடம் வைத்திருக்கிறேன்.

மூன்றாம் படி: கணக்கு

இந்த மருந்தின் பாதுகாப்பே இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. அமெரிக்கக் கண் மருத்துவ அகாடமி 2016-ல் சொன்ன விதி: உங்கள் உண்மையான எடையில் கிலோவுக்கு ஒரு நாளைக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் போகாதீர்கள். அதற்கு முன்னால் உயரத்துக்கேற்ற எடை என்று ஒன்றைப் போட்டு, கிலோவுக்கு 6.5 என்று கணக்கிட்டார்கள். ஆளைப் பார்க்காமல் எல்லாருக்கும் தினம் இரண்டு மாத்திரை என்று எழுதுவதும் அப்போது சாதாரணம்.

மாத்திரை 200 மில்லிகிராம். உடைக்கவோ பொடிக்கவோ வேண்டாம், கசப்பு தாங்காது. அதனால் ஒரு நாளைக்கு என்று பார்க்காமல் வாரத்துக்கு எத்தனை என்று எண்ணினால் கணக்கு சுளுவாக அமையும். 42 கிலோ ஆளுக்கு நாளைக்கு 210, அதாவது தினம் ஒன்று. 50 கிலோவுக்கு வாரத்துக்கு 1750, எட்டு மாத்திரை: ஆறு நாள் ஒன்று, ஒரு நாள் இரண்டு. 60 கிலோவுக்கு வாரத்துக்கு 2100, பத்து மாத்திரை: திங்கள், புதன், வெள்ளி இரண்டு, மற்ற நாள் ஒன்று. 80 கிலோ இருந்தால்தான் தினம் இரண்டு. ஒற்றைப்படைத் தேதியில் ஒன்று, இரட்டைப்படையில் இரண்டு என்று சிலர் வைத்துக்கொள்கிறார்கள். 31-க்கு அடுத்து 1 வரும்போது குழம்பும். கிழமைதான் நல்லது.

இது உச்சவரம்பு, நீங்களே போட்டுக்கொள்ளும் சீட்டு அல்ல. சிறுநீரகம் தளர்ந்திருந்தால் டாக்டர் இன்னும் குறைப்பார். கண்ணுக்குப் பயந்து நாமாகக் குறைப்பதும் தப்பு, அளவு ரொம்பக் குறைந்தால் நோய் எழுந்துகொள்ளும்.

என் கதையைச் சொல்கிறேன். ஆரம்பத்தில் 58 கிலோ, தினம் இரண்டு மாத்திரை. நடுவில் சிறுநீரகத்தில் நோய் ஏறி, உடம்பு கரைந்து 49-க்கு வந்தேன். மாத்திரை அதே இரண்டு. கிலோவுக்கு எட்டைத் தாண்டி இத்தனை காலம் விழுங்கியிருக்கிறேன் என்பது, ஒரு நாள் புது டாக்டர் ஒருவர் தராசில் ஏறச் சொன்னபோதுதான் தெரிந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு தடவையும் கிளினிக்கில் நுழைந்ததும் நானே போய் நிறுத்துக்கொண்டு, சீட்டின் மேல்மூலையில் எழுதிக் கொடுக்கிறேன். மிஸ்ஸி (நர்ஸ்) சிரிப்பார். சிரிக்கட்டும்.

நான்காம் படி: தினமும் விழுங்குவது

சாப்பாட்டோடு, வயிறு நிறைய. வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும், சிலருக்கு வயிறு போகும். முதல் இரண்டு மூன்று வாரத்தில் பெரும்பாலும் பழகிவிடும். நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் ஆன்டாசிட் இதை உடம்பில் சேரவிடாமல் பிடித்துக்கொள்ளும், இரண்டுக்கும் நடுவே நான்கு மணி நேரம் விடுங்கள்.

ஒரு நாள் மறந்தால் பதற்றம் வேண்டாம். அதே நாளில் ஞாபகம் வந்தால் போடுங்கள். இல்லையென்றால் விட்டுவிட்டு மறுநாள் வழக்கம்போல. மேலே சொன்ன 40 நாள் கணக்குக்கு ஒரு நாள் பெரிதில்லை. சேர்த்து இரண்டு நாள் மாத்திரையைப் போடத்தான் கூடாது. நான் நாள்காட்டித் தாளின் ஓரத்தில் கோடு போடுகிறேன், நல்ல நேரத்துக்குப் பக்கத்தில்.

வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் இதை மட்டும் பூட்டி வையுங்கள். பெரியவர்களுக்குச் சாந்தமான இந்த மாத்திரை, ஒன்றிரண்டே விழுங்கினாலும் ஒரு குழந்தையின் இதயத்தை நிறுத்திவிடக்கூடும். சாமி மேடைத் தட்டில் வைக்கும் பழக்கம் எங்கள் வீட்டிலும் இருந்தது. தம்பி மகன் நடக்க ஆரம்பித்த அன்றே எடுத்துவிட்டோம்.

ஐந்தாம் படி: பொறுத்திருப்பது

ஆள் ஓடிப் போவது இந்தப் படியில்தான். முதல் பலன் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு வாரம். முழுப் பலன் தெரிய ஆறு மாதம்கூட ஆகும். உடம்பில் மெதுவாகச் சேர்ந்து, மெதுவாக நிறைகிற மருந்து. "ஒரு மாசம் சாப்பிட்டேன், ஒண்ணும் கேக்கல" என்பவர்கள் பாலெடுக்க மரம் நட்டு மறு வாரமே மங்கு கட்டுகிறவர்கள்.

அதுவரை வலியைத் தாங்க டாக்டர் கொஞ்ச காலம் ஸ்டீராய்டு தருவார். எச்.சி.க்யூ. வேலை செய்ய ஆரம்பித்ததும் அதைப் படிப்படியாகக் குறைப்பார். நாமாகத் திடீரென்று நிறுத்தினால் ஆபத்து, பல நாள் ஸ்டீராய்டு எடுத்த உடம்பு சொந்தமாகச் சுரப்பதை மறந்திருக்கும்.

இந்த இடைவெளியில்தான் பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் மூட்டுவலிக் கேப்சூல் விற்பவன் வந்து சேர்வான். எனக்கும் வந்தான். மூன்றாம் நாளே வலி பறந்தது. ஒரு மாதத்தில் கன்னம் உப்பிப் பௌர்ணமி நிலாவாக நின்றேன். இயற்கை மூலிகை என்று விற்கும் இப்படிப்பட்டவற்றில் டெக்ஸாமெத்தசோன் என்ற வலுவான ஸ்டீராய்டைக் கலந்து விற்பதைத் தேசிய மருந்து ஒழுங்குமுறைப் பிரிவு திரும்பத் திரும்பப் பிடித்து அறிவிக்கிறது. டப்பாவில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் பதிவு எண்ணும் பளபளக்கும் ஹாலோகிராம் ஒட்டும் இல்லாத எதையும் வாயில் வைக்காதீர்கள். மூன்று நாளில் மூட்டுவலியை ஓட்டும் மூலிகை உலகத்தில் இல்லை. அப்படி ஓடினால் உள்ளே என்ன இருக்கிறது என்று இப்போது உங்களுக்குத் தெரியும். ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருந்தால் வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லிவிட்டு நிறுத்துங்கள், மேலே சொன்ன அதே காரணத்துக்காக.

வெயிலைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். லூப்பஸ்காரருக்கு வெயில்தான் தீப்பெட்டி. செம்பனை (எண்ணெய்ப்பனை) காட்டில் உதிரிப்பழம் பொறுக்குகிற பெண்கள் முழுக்கைச் சட்டை, அகலத் தொப்பி, சன்ஸ்கிரீன் இல்லாமல் போகாதீர்கள். மருந்து ஒரு பக்கம் அணைக்க, வெயில் மறுபக்கம் பற்ற வைத்தால் எந்த டாக்டராலும் முடியாது.

ஆறாம் படி: மாத்திரை தீராமல் பார்த்துக்கொள்வது

பகாவிலிருந்து கோலா பிலா வழியாக, புக்கிட் பூத்துஸ் ஏறி இறங்கிச் சிரம்பான் போய் வர ஒரு நாள் கூலி போய்விடும். மாத்திரைக்காக மட்டும் மாதா மாதம் போகத் தேவையில்லை. மருந்தகக் கவுண்டரில் எஸ்.பி.யு.பி. என்று கேளுங்கள், அடுத்தடுத்த மாத மருந்தைப் பக்கத்து அரசாங்க ஆஸ்பத்திரியிலோ கிளினிக்கிலோ வாங்கிக்கொள்ள ஏற்பாடு செய்வார்கள். தபாலில் அனுப்பும் சேவையும் உண்டு, தபால் செலவு நம்முடையது. இரண்டையும் யாரும் தாமாகச் சொல்ல மாட்டார்கள், நாம்தான் கேட்க வேண்டும்.

கையில் இரண்டு வாரத்து மாத்திரை எப்போதும் மிச்சம் இருக்கட்டும். 2020-ல் இது கொரோனாவுக்கு மருந்து என்று உலகமே பாய்ந்தபோது பல நாடுகளில் லூப்பஸ் நோயாளிகளுக்கே கிடைக்காமல் போனது. அந்த ஜூனிலேயே பிரிட்டனின் பெரிய ஆய்வு ஆஸ்பத்திரியில் சேர்ந்த கொரோனா நோயாளிகளுக்கு இதனால் பலன் இல்லை என்று சொல்லிவிட்டது. அதற்குள் எங்களில் பலருக்கு வயிற்றில் புளி கரைத்தாயிற்று.

ஏழாம் படி: கல்யாணம், பிள்ளை

நம் வீடுகளில் பெண் முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்ததும் முதலில் எல்லா மாத்திரையும் பரணுக்குப் போகும். மெத்தோட்ரெக்ஸேட், மைக்கோஃபினோலேட் போன்றவற்றைக் கர்ப்பத்துக்கு முன்பே நிறுத்தியாக வேண்டும், அது உண்மை. எச்.சி.க்யூ. அப்படியல்ல. கர்ப்ப காலத்திலும் பால் கொடுக்கும்போதும் தொடரச் சொல்லித்தான் இன்றைய மருத்துவ வழிகாட்டிகள் சொல்கின்றன. நிறுத்தினால் நோய் எழுந்து தாயையும் பிள்ளையையும் சேர்த்துக் கெடுக்கும். ரத்தத்தில் ரோ என்ற எதிர்ப்பொருள் இருக்கும் தாய்மாரின் குழந்தைக்கு இதயத் துடிப்பு அடைபடும் ஆபத்து உண்டு. முந்திய குழந்தைக்கு அப்படி ஆன தாய்மாரிடம் அது மறுபடி வருவதை இந்த மாத்திரை குறைக்கிறது என்று 2020-ல் வந்த ஆய்வு காட்டியது.

மாமியாரிடம் இதைச் சொல்லிப் புரிய வைப்பது தனிக் கலை. என் தங்கை முறையாகும் ஒருத்தி, மாமியாரையே அடுத்த தடவை சிரம்பானுக்குக் கூட்டிக்கொண்டு போய் டாக்டர் வாயாலேயே சொல்ல வைத்தாள். அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

எட்டாம் படி: நன்றாக இருக்கும்போது

நோய் அடங்கி, முடி வளர்ந்து, வேலைக்குப் போக ஆரம்பித்ததும் கை தானாக மாத்திரையைத் தள்ளி வைக்கும். விட்டுப் பார்ப்பீர்கள். ஒரு வாரம் ஒன்றும் ஆகாது. ஒரு மாதம், அப்போதும் ஒன்றும் ஆகாது. "பாத்தியா, தேவையே இல்ல" என்று தோன்றும். அந்த 40 நாள் கணக்கை மறந்துவிட்டீர்கள். உடம்பில் தங்கிய பழைய மருந்து உங்களுக்காக வேலை செய்துகொண்டிருக்கிறது. அது வற்றும்போதுதான் நோய் தலை தூக்கும், அப்போது நீங்கள் நிறுத்தியதையே மறந்திருப்பீர்கள்.

1991-ல் கனடாவில் இதைச் சோதித்தே பார்த்தார்கள். நோய் அடங்கியிருந்த 47 லூப்பஸ் நோயாளிகளில் 25 பேருக்கு மருந்தைத் தொடர்ந்தார்கள், 22 பேருக்கு அதே மாதிரித் தோற்றத்தில் வெறும் மாத்திரை. ஆறு மாதத்தில் தொடர்ந்தவர்களில் 9 பேருக்கும், வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் 16 பேருக்கும் நோய் திரும்பியது.

மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே இருந்தாலும் சில சமயம் நோய் மீறும். சிறுநீரில் நுரை, கால் வீக்கம், நெஞ்சுவலி, மூச்சு வாங்குதல், விடாத காய்ச்சல், வலிப்பு, திடீர்க் குழப்பம், மயக்கம் இதில் எது வந்தாலும் அடுத்த தேதிக்குக் காத்திருக்காமல் அன்றே அவசரப் பிரிவு.

கடைசிப் படி: கண்

கண் போகும் என்று பயமுறுத்துகிறவர்கள் முழுப் பொய் சொல்லவில்லை. விழித்திரையின் செல்களில் இந்த மருந்து படிந்து, அங்கே பாதிப்பு வரலாம். வந்தால் திரும்பாது. மருந்தை நிறுத்திய பிறகும் சில பேருக்குக் கொஞ்சம் பரவும். ஆனால் எத்தனை பேருக்கு, எப்போது என்பதுதான் கேள்வி. 2014-ல் கலிபோர்னியாவில் ஐந்து வருடத்துக்கு மேல் சாப்பிட்ட 2361 பேரைப் பார்த்தார்கள். கிலோவுக்கு 5 என்ற வரம்புக்குள் இருந்தவர்களில் முதல் ஐந்து வருடத்தில் ஆபத்து நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே, பத்து வருடத்தில் இரண்டுக்கும் கீழே. இருபது வருடத்தைத் தாண்டும்போதுதான் இருபதை நெருங்குகிறது. அளவு கூடியவர்களுக்கும், சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கும், மார்பகப் புற்றுக்குத் தமொக்ஸிஃபென் எடுப்பவர்களுக்கும் முன்கூட்டியே வரலாம்.

அதனால் விதி இப்படி. ஆரம்பித்த முதல் வருடத்துக்குள் ஒரு தடவை. பிறகு ஐந்தாம் வருடத்திலிருந்து வருடா வருடம். மேலே சொன்ன ஆபத்துள்ளவர்கள் அதற்கும் முன்பே.

கண்ணாடிக் கடையில் எழுத்துப் பலகையைப் படித்துக் காட்டுவது இதற்கு உதவாது. பாதிப்பு நமக்குத் தெரிகிற அளவுக்கு வந்தால் நேரம் கடந்துவிட்டது என்று அர்த்தம். கேட்க வேண்டியது இரண்டு சோதனை. ஒன்று ஓ.சி.டி., விழித்திரையை அடுக்கடுக்காகப் படம் எடுப்பது, ஐந்து நிமிட வேலை. மற்றொன்று பார்வைப் புலச் சோதனை. கிண்ணம் மாதிரி ஒரு பெட்டிக்குள் முகத்தை வைத்து, நடுப்புள்ளியை மட்டும் பார்த்துக்கொண்டு, ஓரங்களில் மின்மினி மாதிரி வெளிச்சம் தெரியும்போதெல்லாம் பொத்தானை அமுக்க வேண்டும். அலுப்பு தட்டும். பதினோராம் வருடத்தில் என் சோதனையில் ஒரு கரும்புள்ளி வந்து, மூன்று வாரம் சோறு இறங்கவில்லை. திரும்பச் செய்தபோது ஒன்றுமில்லை. முதல் தடவை தூங்கி விழுந்திருக்கிறேன், அவ்வளவுதான். முந்தின இரவு நன்றாகத் தூங்கிவிட்டுப் போங்கள்.

ஒரு விஷயத்தைக் கண் டாக்டரிடம் நீங்களே ஞாபகப்படுத்தலாம். வெள்ளைக்காரர்களுக்குப் பாதிப்பு பெரும்பாலும் பார்வையின் நடுமையத்தைச் சுற்றித் தொடங்கும். ஆசியர்களில் பலருக்கு அது இன்னும் வெளியே தள்ளித் தொடங்குகிறது. நடுவை மட்டும் பார்க்கும் சோதனையில் அது தப்பிவிடும். அதனால் ஆசிய நோயாளிகளுக்கு அகலமான புலச் சோதனையும் வேண்டும் என்று அதே 2016 விதியிலேயே இருக்கிறது. "கொஞ்சம் அகலமாவும் பாத்துருங்க டாக்டர்" என்று கேட்பதில் தப்பில்லை. இதுவரை கேட்டதற்கு ஒருவரும் என்னைக் கோபித்துக்கொண்டதில்லை.

சோதனை அன்று கண்ணில் சொட்டு மருந்து விட்டு மணியை விரித்துவிடுவார்கள். நாலைந்து மணி நேரத்துக்கு எல்லாம் மங்கல், வெளிச்சம் கூசும். கறுப்புக் கண்ணாடி கொண்டு போங்கள். காரை நீங்கள் ஓட்டிப் போகாதீர்கள். நான் ஒரு தடவை ஓட்டினேன், புக்கிட் பூத்துஸ் இறக்கத்தில் எதிரே வந்த செம்பனை லாரி இரண்டாகத் தெரிந்தது. அதிலிருந்து தம்பிதான் ஓட்டுகிறான், கூலியாகக் கோலா பிலாவில் ஒரு மீ கோரெங்கும் தே தாரிக்கும்.